பதிந்த நேரம்தான் கணக்கு, போய்ச் சேர்ந்த நேரம் அல்ல

"சார், இங்க சிக்னல் இல்லீங்க."

"அந்த மேட்டுல ஏறிப் பாருங்க. இல்லாட்டி ரோட்டுக்கு வந்து போடுங்க."

இந்தப் பேச்சைக் கேட்காத உழவர் இன்றைக்குக் குறைவு. பி.எம். கிசான் தவணைக்கு முகத்தைக் காட்டச் சொன்னாலும் சரி, பயிர் அளவீட்டுக்கு வயலைப் படம் எடுக்கச் சொன்னாலும் சரி, இயற்கை விவசாயச் சான்றுக்குக் குழு விவரங்களை ஏற்றச் சொன்னாலும் சரி, கடைசியில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பதில்தான் வந்து நிற்கிறது. வயல் ஓரிடத்தில், சிக்னல் வேறிடத்தில்.

சிக்னல் இல்லாதது நம்ம ஊரின் குறை என்று நம்மையே நம்ப வைத்துவிட்டார்கள். "உங்க ஊர் அப்படி, நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. விட்டு விட்டு வரும் இணைப்பை வைத்துக்கொண்டே தகவலைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் முறைகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டன. அவற்றைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் உழவர்களின் நிலப் பதிவேட்டுக்காக. இத்தனை அறிவும் கையில் இருக்கும்போது, எந்நேரமும் சிக்னல் இருக்கிறவருக்காகச் செய்த செயலியை நம் தலையில் கட்டுகிறார்கள் என்றால், அது தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் குறை அல்ல. யாரோ எடுத்த முடிவு. முடிவு என்றால் மாற்றச் சொல்லி நாம் கேட்கலாம்.

ஆற்றை நம்பியவர்களும் ஏரி வெட்டியவர்களும்

இணையம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். நாம் அனுப்பும் படமோ செய்தியோ முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. வழியில் 'ரவுட்டர்' என்னும் கருவிகள் ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரியையும் பார்த்து அடுத்த கருவிக்குத் தள்ளிவிடுகின்றன. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அனுப்புகிறவரிடமிருந்து பெறுகிறவர் வரைக்கும் முழு வழியும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதுதான் அது. ரவுட்டர் பொட்டலத்தைக் கண நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த வழி அடைத்திருந்தால் கீழே போட்டுவிடும். அனுப்பியவர்தான் மறுபடி அனுப்ப வேண்டும். சிறிது நேரம் பதில் வராவிட்டால் இணைப்பே அறுந்துபோனதாகக் கொண்டு, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இது வற்றாத ஆற்றை நம்பி வெட்டிய வாய்க்கால் மாதிரி. ஆறு ஓடுகிற வரை பிரச்சினை இல்லை. ஆனால் நம் முன்னோர்கள் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் என்று நம்பி உட்காரவில்லை. ஓடாது என்று தெரிந்துதான் ஏரியும் கண்மாயும் வெட்டினார்கள். மழை பெய்கிற நாலு நாளில் தண்ணீரைத் தேக்கினார்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி வரிசையாக அமைத்தார்கள். வரும்போது வாங்கி வை, வழி திறக்கும்போது அடுத்தவனுக்குக் கொடு. அவ்வளவுதான் சூத்திரம்.

விட்டு விட்டு வரும் இணைப்புக்கான வலையமைப்பும் இதே சூத்திரம்தான். பொறியாளர்கள் இதைத் தாமதம் தாங்கும் வலை என்கிறார்கள். இதில் ஒவ்வொரு கருவியும் தகவலைக் கீழே போடாமல் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அடுத்த கருவி எதிர்ப்படும்போது கைமாற்றுகிறது. அது ஒரு நிமிடம் கழித்தும் இருக்கலாம், ஒரு நாள் கழித்தும் இருக்கலாம்.

செவ்வாய்க்கு ஒரு நியாயம், செவ்வாய்ப்பட்டிக்கு ஒரு நியாயமா?

இந்த யோசனை வானத்திலிருந்து இறங்கி வந்தது. பூமியிலிருந்து செவ்வாய்க் கோளுக்கு ஒரு செய்தி போய்ச் சேர, இரண்டும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். கோள் சுழன்று மறைத்துவிட்டால் பல மணி நேரம் இணைப்பே இருக்காது. அங்கே போய் "மேட்டுல ஏறிப் பாருங்க" என்று சொல்ல முடியுமா? அதனால் 1998 வாக்கில், இணையத்தின் அடிப்படை விதிகளை எழுதியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃபும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துப் பொறியாளர்களும் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினார்கள். பின்னர் மற்ற ஆய்வாளர்கள் இதைப் பூமியில் இணைப்பு குறைந்த இடங்களுக்கும் விரித்தார்கள். 2007இல் இதற்கான விதிமுறை எழுத்தில் வெளியானது. 2016இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2024இல் நாசா ஏவிய 'பேஸ்' என்ற செயற்கைக்கோள் கடலையும் காற்றையும் பார்த்துச் சேர்க்கும் தகவலை இந்த முறையில்தான் கீழே அனுப்புகிறது.

இந்த விதிமுறையில் தகவல் பொட்டலமாகப் போவதில்லை, மூட்டையாகப் போகிறது. அந்த மூட்டையின் மேலே எழுதியிருப்பவற்றில் மூன்றை மட்டும் கவனியுங்கள். ஒன்று, எங்கே போக வேண்டும். இரண்டு, எந்த நேரத்தில் கட்டப்பட்டது. மூன்று, எத்தனை நேரம் வரைக்கும் இதற்கு உயிர் உண்டு. கட்டிய நேரம் மூட்டையோடு கூடவே பயணம் செய்கிறது. வழியில் எத்தனை நாள் தங்கினாலும், எப்போது கட்டியது என்ற கேள்விக்குப் பதில் மூட்டையிலேயே இருக்கும். 2007 விதியில் இன்னொன்றும் உண்டு: பொறுப்பு ஒப்படைப்பு. ஒரு கருவி மூட்டையைப் பொறுப்பேற்று வாங்கிக்கொண்டால், அடுத்தவர் வாங்கிக்கொள்ளும் வரை அதைப் பத்திரமாக வைத்திருப்பது அதன் கடமை. பதிவுத் தபாலுக்குச் சீட்டு கொடுப்பது போல.

விண்வெளிக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் இணைப்பு அறுந்துபோகும் என்று தெரிந்தே வடிவமைக்கிறார்கள். ஜவ்வாது மலைக்கும் கொல்லிமலைக்கும் செயலி செய்கிறவர்கள் மட்டும் இணைப்பு எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது என்ன நியாயம்?

யார் கையில் கொடுப்பது?

"சரிங்க, அடுத்தவர் கையில கொடுக்கிறது சரி. யாரிடம் கொடுப்பது? அவர் சரியான திசையில்தான் போவார் என்று எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. வழி கண்டுபிடிப்பது என்ற முழு வேலையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் வழி, எதிர்ப்படுகிற எல்லோரிடமும் ஒரு பிரதி கொடுப்பது. ஊரில் வதந்தி பரவுவது மாதிரி. 2000இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். இதற்குக் கொள்ளைநோய் முறை என்றே பெயர். செய்தி எப்படியும் போய்ச் சேரும். ஆனால் எல்லார் போனிலும் எல்லார் செய்தியும் நிறைந்துவிடும், பேட்டரியும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி, எண்ணிக் கொடுப்பது. கல்யாணப் பத்திரிகையை ஊர் முழுக்க நாமே கொடுக்க முடியாதபோது, பத்துப் பேரிடம் கட்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு வருவோமே, அது மாதிரி. பத்தே பிரதி. அந்தப் பத்தில் யாராவது ஒருவர் சேர வேண்டியவரைப் பார்க்கும் வரை காத்திருப்பது. தெளித்துவிட்டுக் காத்திரு என்ற பொருளில் 2005இல் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது வழிதான் நமக்கு மிக நெருக்கமானது. யார் யாரை அடிக்கடி சந்திக்கிறார்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கொடுப்பது. பால் வண்டிக்காரர் தினமும் இரண்டு வேளை சொசைட்டிக்குப் போவார். வங்கிக்குச் செய்தி போக வேண்டுமானால் சந்தைக்கு வாரம் ஒருமுறை போகிறவரைவிட அவரிடம் கொடுப்பது நல்லது. இந்த முறையை எழுதியவர்களில் சிலர் சுவீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மனதில் வைத்திருந்தவர்களில், துருவ மான் மந்தைகளோடு மலை மலையாக இடம் மாறும் சாமி பழங்குடி மக்களும் உண்டு. நம்மூர்க் கீதாரிகள் போல மந்தையோடு நடப்பவர்கள். டவர் இல்லாத மலையில் இருக்கும் மக்களை டவருக்குப் பக்கத்தில் வந்து குடியேறச் சொல்லவில்லை. அவர்களுடைய நடையையே வலையின் வழியாக்கப் பார்த்தார்கள். இந்த முறை 2012இல் முறையான ஆவணமாக வெளியானது.

2004இல் கென்யாவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வரிக்குதிரைகளின் கழுத்தில் பட்டை கட்டி இதையே செய்து பார்த்தார்கள். இரண்டு வரிக்குதிரைகள் பக்கத்தில் வந்தால் பட்டைகள் தங்கள் குறிப்புகளை மாற்றிக்கொள்ளும். ஆய்வாளர் எல்லா விலங்கையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்றைக் கண்டாலே அது சந்தித்த மற்றவற்றின் குறிப்பும் கிடைக்கும்.

பஸ் சுமந்த பதிவேடு

இதெல்லாம் ஆய்வகப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தில் உழவர்களின் நிலப் பதிவேடுகளை, நம்ம ஊர்ச் சிட்டா அடங்கல் மாதிரியானதை, 'பூமி' என்ற திட்டத்தில் கணினிமயமாக்கினார்கள். சுமார் 67 லட்சம் உழவர்களின் 2 கோடி பதிவேடுகள். ஆனால் நகல் வாங்க தாலுகா அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு.

பெங்களூருக்கு அருகே தொட்டபள்ளாபுரம் தாலுகாவில் 'டாக்நெட்' என்ற ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். டாக் என்றால் இந்தியில் தபால். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த யோசனை. கிராமத்தில் ஒரு கணினி, தாலுகா தலைநகரில் ஒரு கணினி. நடுவே கம்பியும் இல்லை, டவரும் இல்லை. அரசுப் பேருந்தில் ஒரு சின்ன வைஃபை பெட்டியை வைத்தார்கள். பஸ் கிராமத்தைக் கடக்கும்போது கிராமத்துக் கணினி தன்னிடம் சேர்ந்திருந்த விண்ணப்பங்களைப் பெட்டிக்குத் தள்ளிவிடும். பெட்டியில் வந்த பதில்களை வாங்கிக்கொள்ளும். 2004 ஜனவரியில் வெளியான கட்டுரைப்படி, ஒரு தடவை கடக்கும்போது சராசரியாக இரண்டரை நிமிடம் இணைப்பு கிடைத்தது. அதற்குள் சுமார் 20 மெகாபைட் தகவல் மாறியது. நாலு பக்க விண்ணப்பத்துக்கு இது தாராளம்.

கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் இதே ஏற்பாட்டை மோட்டார் சைக்கிளில் செய்தார்கள். சூரிய மின்சாரத்தில் ஓடிய 15 கிராமப் பள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போகும் வண்டிகள் கடிதங்களைச் சுமந்தன.

பிறகு ஊர் ஊராகச் செல்போன் டவர்கள் வந்தன. பஸ் தபாலுக்கு வேலை இல்லாமல் போனது. உண்மைதான். ஆனால் டவர் வந்த வேகத்தில் அந்தப் பாடத்தையும் தூக்கிப் போட்டுவிட்டோம். இன்றைக்கு ஒவ்வொருவர் பையிலும் இருக்கிற போன் அந்த பஸ் பெட்டியைவிடப் பல மடங்கு தகவலைச் சுமக்கும். ப்ளூடூத், வைஃபை இரண்டும் டவர் இல்லாமலே பக்கத்துப் போனோடு பேசும். ஜி.பி.எஸ். இடத்தையும் நேரத்தையும் செயற்கைக்கோளிலிருந்து நேரே வாங்குகிறது. அதற்கும் சிம் சிக்னல் தேவையில்லை. எல்லாம் கையில் இருக்கிறது. இருந்தும் செயலி திறந்தவுடன் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒலிபெருக்கியும் ஒரு வலைதான்

புதுச்சேரி கிராமங்களில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை நடத்தியது. பசுமைப் புரட்சி பற்றி அவர்களுக்கும் நமக்கும் உள்ள கருத்து வேறுபாடு ஊரறிந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நல்ல பாடம் எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். வில்லியனூரில் நடு மையம். அங்கே இணையத்திலிருந்து எடுத்த தகவலை வானொலிக் கருவி மூலம் கிராம மையங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் என்ற செய்தியை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர் கடற்கரையில் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். அவரிடம் போன் இல்லை, படிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை, அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகத்தான் ஊருக்குப் போனது. மக்கள் வெளியேறினார்கள், உயிர் தப்பினார்கள்.

இதில் தெரிவது என்ன? வலை என்றால் முழுக்க ஒரே கருவியாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் இணையம், கொஞ்ச தூரம் வானொலி, கடைசித் தெருவுக்கு ஒலிபெருக்கி. எந்த இடத்தில் எது ஓடுமோ அது.

தேனிப் பக்கம் இன்னொரு பாடம். அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப் பார்வை மையங்களை, 2000களின் நடுவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. வைஃபை வீட்டுக்குள் ஓடச் செய்தது. பல கிலோமீட்டர் தள்ளி வைத்தால் 'கிடைத்தது' என்ற பதில் வரத் தாமதமாகும். கிடைக்கவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். அவர்கள் என்ன செய்தார்கள்? முறைப்பாசனம் வைத்தார்கள். இத்தனை நேரம் நீ அனுப்பு, இத்தனை நேரம் நான் அனுப்புகிறேன் என்று முறை பிரித்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போன மாதிரி தகவலும் ஓடியது. இதைவிடப் பெரிய தலைவலி மின்சாரத்தில் இருந்தது. ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் கருவிகள் கெட்டுப்போயின. மோட்டார் காயில் எரிந்த அனுபவம் உள்ள நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிராமத்துக்குக் கருவி செய்கிறவர் கிராமத்து மின்சாரத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பறிபோவது என்ன?

இப்போது நம் வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. உழவருக்கு ஓர் அடையாள எண், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று போனில் படம் எடுத்துப் பதிவு. இனி கடன், காப்பீடு, கொள்முதல் எல்லாம் இந்தப் பதிவைக் கேட்கும். பதிவில் இல்லாத பயிர், நிலத்தில் இருந்தும் இல்லாத பயிராகிவிடும். ஊடுபயிரும் வரப்புப் பயிருமாக ஒரே வயலில் ஆறேழு வகை போடும் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்கெனவே அந்தப் படிவத்தில் இடம் குறைவு. அதில் சிக்னலும் சேர்ந்துகொண்டால்?

பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்துக் காயப்போட்ட விளைச்சல் புயல் மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. செயலியில் சொல்லலாம், கட்டணமில்லாத எண்ணில் சொல்லலாம், வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ சொல்லலாம். நல்ல நாளில் இது போதும். ஆனால் புயல் வந்த நாளில்? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. மின்சாரம் இல்லாமல் செல்போன் டவர்களும் ஊமையாயின. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. அப்படி ஒரு நாளில் 72 மணி நேரம் என்பது எந்தக் கடிகாரத்தில்? இழப்பு அதிகமான இடத்தில்தான் இணைப்பும் முதலில் அறும். எங்கே அதிகம் சேதமோ அங்கிருந்துதான் தகவல் கடைசியாக வரும். சேர்ந்த நேரத்தைக் கணக்கில் வைத்தால், அதிகம் அடிபட்டவனே அதிகம் விலக்கப்படுவான்.

அதனால்தான் சொல்கிறேன், நம் கோரிக்கை "டவர் வேண்டும்" என்பதோடு நிற்கக் கூடாது. டவர் வேண்டும், வரட்டும். ஆனால் புயலில் அது விழும், மின்வெட்டில் உறங்கும், மலை மடிப்பில் எட்டாது. டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லுபடியாகும் உரிமை வேண்டும். அந்த உரிமை: பதிந்த நேரம்தான் கணக்கு, போய்ச் சேர்ந்த நேரம் அல்ல.

"போனில் தேதியை மாத்தி வெச்சு ஏமாத்திடுவாங்களே?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வழி இருக்கிறது. ஜி.பி.எஸ். தரும் நேரத்தையும் சேர்த்துப் பதியலாம். ஒவ்வொரு பதிவையும் முந்தைய பதிவோடு கணக்கு முடிச்சால் கட்டலாம். நடுவில் ஒன்றை மாற்றினால் முடிச்சு அவிழ்ந்து காட்டிக்கொடுக்கும். இதற்கும் மேலே, சாட்சி. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் போன் ப்ளூடூத்தில் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு 'இந்த நேரத்தில் பார்த்தேன்' என்று ஒப்பமிடட்டும். பங்கேற்பு உத்தரவாதச் சான்றில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்துக் கையெழுத்து போடுகிறோமே, அதே முறை. அந்தக் கையெழுத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. இதையும் ஏற்கலாம். இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக ஏமாற்ற முடியலாம். மூன்றையும் சேர்த்து ஏமாற்றுவது எளிதல்ல. மிச்சம் இருக்கும் சந்தேகத்துக்காக எல்லா உழவரையும் தண்டிக்கக் கூடாது.

எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது

எல்லாவற்றையும் தேக்கி வைத்து அனுப்பிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணம் கைமாறுவதற்கும் கைரேகை ஒப்பிடுவதற்கும் உடனடி இணைப்பு வேண்டும். அதற்கு மாற்று, சிக்னல் இல்லாத இடத்தில் காகிதமும் கையெழுத்தும்தான். அந்த வழியை மூடக் கூடாது. அணை திறப்பு, புயல் எச்சரிக்கை காத்திருக்கவே கூடாது. அதற்கு ஒருவழி ஒலிபரப்பு போதும். ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஆழ்கடல் மீனவர்களுக்கென்று 2019இல் வந்த 'ஜெமினி' கருவி அப்படித்தான், செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி மட்டும் கொடுக்கும். ஆனால் பயிர்ப் படம், சான்றுக் குறிப்பு, சேத அறிக்கை, விதை இருப்பு, சந்தைப் பதிவு இவையெல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் தாராளமாகக் காத்திருக்கும். உழவருக்கு வரும் செயலிகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இன்னொரு விஷயம். மூட்டையை அடுத்தவர் சுமக்கிறார் என்றால் அவர் பிரித்துப் படிக்க முடியாதபடி அரக்கு முத்திரை வேண்டும். மறையாக்கம் செய்து அனுப்பினால் தபால்காரர் உறையைத்தான் பார்ப்பார், கடிதத்தை அல்ல. அதைவிட முக்கியம், நம் ஊர்த் தகவல் முதலில் நம் ஊரிலேயே தங்க வேண்டும். இன்றைக்கு மண் ஈரம் பார்க்கும் கருவி விற்கிறவர்கள் வருகிறார்கள். என் தோட்டத்து ஈரக் கணக்கு எங்கோ இருக்கும் கணினிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து என் மோட்டாரைப் போடச் சொல்கிறது. நடுவில் சிக்னல் போனால் என் மோட்டார் எனக்குக் கீழ்ப்படியாது. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் ஈரம் தெரியும். அதற்கு வலை வேண்டாம். மேலே மலையில் எவ்வளவு மழை, பக்கத்து ஊரில் என்ன பூச்சி, யாரிடம் எந்த விதை, இதற்குத்தான் வலை வேண்டும். இதற்குச் சின்னக் கருவிகளே போதும். நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம். அதில் ஓடும் 'லோரா' கருவிகள் படம் அனுப்பாது. நாலு வரிச் செய்தியைத் திறந்த வெளியில் சில கிலோமீட்டர் அனுப்பும். படித்துவிட்டு ஊர் திரும்பிய நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலைதான்.

கிராம சபையில் கேட்போம்

மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும், வரும் கிராம சபையிலும் இதைத் தீர்மானமாகக் கொடுப்போம். நாலே வரி போதும்:

1. உழவரிடம் தகவல் கேட்கும் எந்தச் செயலியும் சிக்னல் இல்லாத இடத்தில் முழுதாகப் பதிய வேண்டும். இணைப்பு வரும்போது தானே அனுப்ப வேண்டும். சில செயலிகளில் இந்த வசதி இருந்தால் நல்லது. அது சலுகையாக இல்லாமல் விதியாக வேண்டும்.

2. எல்லாக் கெடுவும் பதிந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியில் மின்சாரமும் இணைப்பும் திரும்பும் வரை கெடு ஓடக் கூடாது.

3. பதிந்தவுடன் உழவர் கையில் ஒரு ரசீது எண் வர வேண்டும். அனுப்பும் பொறுப்பு அதன்பிறகு செயலியுடையது, உழவருடையது அல்ல.

4. ஊரின் தகவலுக்கு ஊரிலேயே ஒரு பிரதி இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலோ உழவர் குழுவிடமோ. அதைக் காகிதத்தில் எடுத்துப் பார்க்கும் உரிமையும் வேண்டும்.

அதிகாரி "சாப்ட்வேர்ல அப்படி வழி இல்லையே" என்று சொன்னால், மரியாதையாக ஒன்று சொல்லுங்கள். "வழி இருக்குதுங்க. இருபது வருசத்துக்கு முன்னாடியே தொட்டபள்ளாபுரத்துல பஸ்ஸுல வெச்சு ஓட்டியிருக்காங்க. நீங்க எழுதி அனுப்புங்க, நாங்களும் கையெழுத்து போடுறோம்."